எத்தனை படி என்று யாராவது சொல்லுங்கள்

"அங்க ஒண்ணுக்குப் போவ எடம் இருக்குதாம்மா?"

மீன் பார்க்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். என்ன மீன், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குக் கிளம்பணும், ஒன்றும் கேட்கவில்லை. அத்தைக்கு 82 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கின்றன. முட்டி தேய்ந்து ஆறு வருடமாக வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அவர் கேட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு ஓசூரில் இருந்து மகள் குடும்பம் வருகிறது. பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு நாலு. போளூரில் இருந்து என் அம்மாவும் வருகிறார். நானும் வீட்டுக்காரரும் சேர்த்தால் எட்டுப் பேர், நாலு தலைமுறை. இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வருடத்தில் நாலைந்து நாள்தான். அதில் ஒரு நாள் எல்லோருமாக எங்காவது போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆசையின் கனம் தெரியும். எங்கள் வீட்டுக்கு எல்லோரும் வருவார்கள், நாங்கள் எங்கும் போக மாட்டோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாராவது கிரிவலம் வருவார்கள். தீபத்துக்குக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்குக் கால் வலிக்க வந்து இறங்குகிறவர்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தே முப்பது வருடம் ஓடிவிட்டது. அதில் எனக்குக் குறை இல்லை, அது அண்ணாமலையார் கொடுத்த வேலை. ஆனால் எங்கள் வீட்டுக் குழந்தைகளும் கிழவிகளும் ஒரு நாள் விருந்தாளியாக வெளியே போய் உட்கார வேண்டாமா?

பேரன் கேட்டது டால்பின். சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் மகன் வீடியோ அனுப்பியிருந்தான். தண்ணீரில் இருந்து எம்பி வளையத்துக்குள் நுழைந்து போகிற டால்பின். அதைப் பார்த்ததில் இருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. நம் நாட்டில் அது கிடையாது என்று நான்தான் சொன்னேன். 1990களின் கடைசியில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பூங்காவுக்கு பல்கேரியாவில் இருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களுக்குள் அவை செத்துப்போயின. பிறகு 2013 மே மாதம், டால்பின் காட்சிக்கூடம் எதற்கும் அனுமதி இல்லை என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் நீந்தும் பிராணி. குரலை அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறது என்று கேட்டு வழி கண்டுபிடிக்கும் பிராணி. அதைச் சிமெண்ட் தொட்டிக்குள் விட்டால் நாலு பக்கமும் சுவர்தானே திருப்பிக் கத்தும்? அமெரிக்காவில் இப்படிக் காட்சி நடத்தும் சீவேர்ல்டு நிறுவனமே 2016இல், இனிமேல் டால்பின் இனத்து ஓர்காவை இனப்பெருக்கம் செய்ய வைக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. இதையெல்லாம் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ வேணாம் பாட்டி, மீனே பாக்கலாம்" என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பிராணியின் கஷ்டத்தை இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டுவிட்டது.

மீன் பார்க்கச் சென்னையில் ஒரு காலத்தில் நல்ல இடம் இருந்தது. மெரினா கடற்கரையில் 1909இல் மீன் காட்சியகம் திறந்தார்கள். அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முன்நின்று செய்தது, இந்தியாவிலேயே முதலாவது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழும் என்ற பயத்தில் மூடினார்கள். இப்போது ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி மரைன் கிங்டம் இருக்கிறது. 2019இல் திறந்தது, கண்ணாடிக் குகைக்குள் நடந்துபோனால் மீன்கள் நம் தலைக்கு மேலேயே நீந்தும். அந்த வீடியோவை மகள் போனில் அனுப்பினாள். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தார். "தலைக்கு மேல போவுதே, தண்ணி நம்ம மேல ஊத்தாதா?" என்று பேரனைப் போனில் கேட்டார். அவன் விளக்கினான். அவர் கடலைப் பார்த்ததே வாழ்க்கையில் ஒரு தரம், மரக்காணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது. அந்தச் சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டு, "நானும் வரட்டுமா?" என்றார். கூடவே அந்த ஒண்ணுக்குக் கேள்வி.

நான் அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் இருந்து சென்னைக்கு 190 கிலோமீட்டருக்குக் குறையாது. ரயில் என்றால் கடற்கரை வரை போகிற மெமு ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் வேலூரில் இருந்து நம் ஊர் வரை நீட்டினார்கள், மகராசனாக இருக்கட்டும். ஆனால் அது விடியும் முன்னே கிளம்பி, வேலூரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். திண்டிவனத்துக்கு நேராக ரயில் பாதை போடுகிறோம் என்று சொல்லி இருபது வருடம் ஆகப் போகிறது, 70 கிலோமீட்டர் பாதை, இன்னும் வரவில்லை. முதியவர்களுக்கு ரயில் கட்டணத்தில் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று கொடுத்துவந்த சலுகையைக் கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது. சலுகை திரும்பி வரவில்லை. பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து வாக்கரோடு இன்னொரு பஸ். ஆகவே டெம்போ டிராவலர். செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு. வாடகை பேசுவது, டோல், சாப்பாடு எல்லாம் வழக்கமான கணக்குதான், அதை விட்டுவிடுகிறேன்.

டெம்போ டிராவலரின் முதல் படி தரையில் இருந்து அத்தையின் முழங்கால் உயரம். அதற்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போக வேண்டும். வாக்கரின் அடி ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, வழவழப்பான தரையில் வழுக்கும், மெடிக்கலில் புதிது வாங்க வேண்டும். அம்மாவுக்குக் காது மந்தம், இருட்டான இடத்தில் பதறுவார், அவர் கையை யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பேத்தி ஒரு மணிக்குத் தூங்குவாள். அத்தை சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். இதையெல்லாம் நானே எழுதிவிட்டேன், நானே பார்த்துக்கொள்வேன். இவை என் வீட்டுக் கணக்கு. எனக்குக் கோபம் வருவது நோட்டின் அடுத்த பக்கத்தில். அங்கே கேள்விகளை மட்டும் எழுதியிருக்கிறேன், எதிரில் பதில் இல்லை.

வண்டி நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம்? எத்தனை படி? படிக்குக் கைப்பிடி உண்டா? உள்ளே போனால் நடுவில் உட்கார இடம் உண்டா, இல்லை ஒரே நடையாகக் கடைசி வரை போக வேண்டுமா? கழிப்பறை உள்ளே இருக்கிறதா, வெளியே வந்தால்தானா? உட்காரும் கழிப்பறையா, குத்துக்காலிடுவதா? வழியில், திண்டிவனத்துக்கு முன்னே, ஒரு கிழவியை நம்பிக் கூட்டிப் போகக்கூடிய ஒரு கழிப்பறை எங்கே?

எந்தப் பொழுதுபோக்கு இடத்தின் விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை வகை மீன், எத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர், எத்தனை ராட்டினம் என்று இருக்கும். எத்தனை படி என்று இருக்காது. ஓடியாடும் இளவட்டங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இப்போது அதைவிடக் கூடித்தான் இருக்கும். இவர்கள் வெளியே வரவே மாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது?

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தப் பூங்கா என்று எழுதவில்லை, எங்கே போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். முன்கூட்டியே போன் செய்தேன். "சீனியர் சிட்டிசனுக்கு எல்லா வசதியும் இருக்கு மேடம், நீங்க வாங்க" என்றார்கள். போனோம். வீல்சேர் ஒன்று இருந்தது, ஒரு சக்கரத்தில் காற்று இல்லை. சாய்தளம் இருந்தது, அது ஏறி முடிகிற இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படி. எதற்கு அந்தப் படி என்று வாசலில் நின்ற பையனைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. தூக்கி வைத்து உள்ளே போனால், கழிப்பறை பதினோரு படி கீழே. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க புள்ளைங்கள கூட்டினு போய்ட்டு வாங்க, நான் இங்க உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார். டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாகை மரம், அதைச் சுற்றி ஒரு சிமெண்ட் விளிம்பு. அதில்தான் உட்கார்ந்தார். எங்கள் பைகளை எல்லாம் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம். நான் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து பார்த்தேன். வெயில் நகர்ந்து முகத்தில் அடித்தது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்கவே இல்லை.

ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் போக வேண்டும் என்றால் அத்தை முந்தின நாள் ராத்திரியில் இருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். காலையில் காபி வேண்டாம் என்பார். நீர் பிரிவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை எனக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வருவார். அன்றைக்கும் அப்படித்தான் செய்திருந்தார், வீட்டுக்கு வந்து படுக்கையைத் தட்டும்போதுதான் மாத்திரை கிடைத்தது. ஐந்தாம் நாள் குளிர் ஜுரம். சிறுநீரில் கிருமி என்று சொல்லி இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். "இந்த வயசுல தண்ணி குடிக்காம இருக்கலாமாம்மா?" என்று டாக்டர் அவரைத்தான் திட்டினார். படுத்தபடியே அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவரையா திட்ட வேண்டும்?

இது சர்க்கரை வந்த கிழவியின் கதை மட்டும் இல்லை. டூர் போகிற பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மாதவிலக்கான மருமகள்கள் வண்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள். பஸ்ஸை ஓட்டல் வாசலில் நிறுத்தியதும் ஆண்கள் ஒரு சுவரைப் பார்த்துப் போய்விடுகிறார்கள். பெண்கள் கதவில்லாத, தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் இல்லாத ஒரு அறைக்கு முன் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நிற்கிறோம். சாமிக்கு விரதம் இருப்பது வேறு. பயணத்துக்காகத் தண்ணீரை விடுவதை நாம் பழக்கமாக்கிக்கொண்டோம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் என்றால் அதில் அரசுக் கட்டடத்தையும் தனியார் கட்டடத்தையும் சேர்த்தே சொல்கிறது. பொழுதுபோக்குக்காக வருகிற இடமும் அதில் உண்டு. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்றார்கள். விதிகள் வந்தது 2017இல், ஐந்து வருடம் முடிந்தது 2022இல். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இவற்றைப் பரிந்துரையாக வைத்தால் போதாது, கட்டாயமாகச் செய்ய வேண்டியவற்றை வகுத்து விதியாக்குங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. அத்தையிடம் மாற்றுத்திறனாளி அட்டை இல்லை, மூப்புதான் இருக்கிறது. ஆனால் வீல்சேருக்குப் போடும் சாய்தளத்தில் வாக்கர் போகும், குழந்தையின் தள்ளுவண்டி போகும், நிறைமாதக் கர்ப்பிணி போவாள். ஒருவருக்குச் செய்தால் பத்துப் பேருக்கு ஆகிற காரியம்.

முடியாத காரியமும் இல்லை. 2022 நவம்பரில் சென்னை மாநகராட்சி மெரினாவில், மணலுக்கு மேல் கடலுக்கு அருகே போகிற மாதிரி மரத்தில் ஒரு பாதை போட்டது. ஏறக்குறைய 260 மீட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அதில் போய் அலையைக் கிட்டத்தில் பார்த்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியை உடைத்தது. அப்படியே விட்டுவிடவில்லை, திரும்பச் சரிசெய்தார்கள். மணலில், அலைக்குப் பக்கத்தில் செய்ய முடிந்ததைச் சிமெண்ட் தரையில் செய்ய முடியாதா?

நம் முன்னோர் இதை யோசித்தவர்கள். எங்கள் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். முட்டி விடும் வரை அத்தை பௌர்ணமி தவறாமல் சுற்றியவர். எந்த மண்டபத்தில் திண்ணை குளிர்ந்திருக்கும், எந்தக் குளத்துப் படியில் கால் நனைத்து உட்காரலாம், எங்கே நிழல் இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். "உக்கார எடம் தேடினதே இல்ல" என்பார். பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல், தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ளும் உயரத்தில். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். ஒருத்தியின் பாரத்தை நினைத்து, முன்பின் தெரியாத வழிப்போக்கர்களின் பாரத்துக்குக் கல் நட்ட ஊர் இது. சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கற்கள் எத்தனை பிடுங்கப்பட்டன என்று கணக்கு உண்டா? நாலு வழிச் சாலை வந்தது நல்லதுதான், நாங்களும் அதில்தான் போகப் போகிறோம். கல்லை எடுத்த இடத்தில் ஒரு பெஞ்சு வந்திருக்க வேண்டும்.

"அவங்கள வீட்டுல விட்டுட்டுப் போங்க, பக்கத்துல யாரையாவது துணைக்கு வெச்சுட்டு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பூட்டிய வீட்டில் அந்தத் தலைக்கு மேல் போகும் மீனை மறுபடியும் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டு அவர் இருக்க வேண்டும், நாங்கள் சாயங்காலம் வந்து எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை. என் பேரன் பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்து வளர்த்த கை அது.

ஆகவே இந்த முறை போன் பேச்சை நம்பப் போவதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு டிக்கெட் எடுத்து உள்ளே போய், படியை எண்ணி, கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்து, உட்காரும் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். "சரி பெரியம்மா" என்றான். எங்களுக்கு அப்படிப் போய்ப் பார்க்க ஒரு பிள்ளை இருக்கிறான். எல்லா வீட்டிலும் இருப்பானா?

பூங்கா, காட்சியகம், கோளரங்கம், படகுத்துறை என்று எதை நடத்துகிறவராக இருந்தாலும் உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். இன்றைக்கே லிஃப்ட் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் விலை எழுதும் பலகையிலேயே கீழே நாலு வரி எழுதுங்கள். எத்தனை படி, எவ்வளவு நடை, எங்கே உட்கார இடம், எங்கே எப்படிப்பட்ட கழிப்பறை. இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர்களே, பெண்கள் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாளும் ஒரு கைப்பிடியும் போடுங்கள்.

வயசானவர்களை இப்படி எங்காவது கூட்டிப் போய்த் திரும்பியவர்கள் இதைப் படித்தால், அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். மீன் அழகாக இருந்தது என்பதோடு நிறுத்தாமல், எங்கே படி இருந்தது, எங்கே உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடுமுறைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அத்தை காட்டன் புடவை ஒன்றைத் துவைத்து மடித்து எடுத்து வைத்திருக்கிறார்.